பெயரோடு ஏற்றுக்கொண்டவர்கள்



நம் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒரு குழந்தை வந்து நின்றால் முதலில் என்ன கேட்போம்? "உன் பேரென்ன கண்ணு?" என்றுதான் கேட்போம். பசிக்கிறதா, எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பெயரைக் கேட்டுவிட்டால் அந்தக் குழந்தை நமக்கு அந்நியக் குழந்தை இல்லை.

இன்று ஒரு சிறுவனின் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவன் பெயர் டேனியல் டை. வயது 12. அவனுடைய தங்கை கேத்தரினுக்கு வயது 9. 1847ஆம் ஆண்டு அயர்லாந்தில் பஞ்சம் தாங்காமல், தாய், தாய்மாமன், உடன்பிறந்தவர்கள் எல்லாரோடும் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பயணத்தின் முடிவில் உயிரோடு மிஞ்சியவர்கள் டேனியலும் கேத்தரினும் மட்டுமே.

முதலில் அந்தப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய அயர்லாந்தில் நிலம் பெரும்பாலும் பண்ணையார்களின் கையில் இருந்தது. ஏழைக் குடியானவர்கள் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தார்கள். கோதுமையும் ஓட்ஸும் விளைந்தால் அது குத்தகை கொடுக்கப் போய்விடும். வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவதற்கு உருளைக்கிழங்குதான். நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு உருளைக்கிழங்கு அப்படி. உழைக்கும் ஆண் ஒருவர் ஒரே நாளில் 5 கிலோவுக்கு மேல் சாப்பிடுவார். ஏறக்குறைய 30 லட்சம் மக்களுக்கு அதுவே முக்கிய உணவு.

1845ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்தப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. பூஞ்சை போன்ற ஒரு கிருமி. இலைகள் கறுத்தன, மண்ணுக்குள் இருந்த கிழங்கு அழுகி நாறியது. மறு ஆண்டு, 1846இல், ஏறக்குறைய நாடு முழுவதும் விளைச்சல் போயிற்று. 1847இல் நோய் சற்றுக் குறைந்தது. ஆனால் விதைக்கிழங்கையும் பசிக்குத் தின்றுவிட்ட மக்களிடம் நடுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஆண்டைத்தான் அயர்லாந்து மக்கள் 'கறுப்பு 47' என்று இன்றும் சொல்கிறார்கள். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அதே அளவுக்கும் மேலாக நாட்டை விட்டுப் போனார்கள்.

அந்த ஆண்டுகளில் அயர்லாந்தில் உணவே இல்லையா? இருந்தது. தானியமும் வெண்ணெயும் ஆடுமாடுகளும் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. வாங்கக் காசு இல்லாதவன் பட்டினி கிடந்தான். 1847 கோடையில் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தபோது, நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் வரை உணவு பெற்றார்கள். ஆகவே மனது வைத்தால் முடியும் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் சில மாதங்களிலேயே அவற்றை மூடிவிட்டார்கள்.

அந்நாளில் லண்டன் கருவூலத்தில் நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். இந்தப் பெயர் சென்னைக்குப் புதிதல்ல. பின்னாளில், 1859இல், இதே மனிதர்தான் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் உருவானதுதான். அவர் அயர்லாந்தின் பஞ்சத்தைப் பற்றி 1848இல் எழுதியபோது, அதை எல்லாம் அறிந்த இறைவனின் ஏற்பாடாகவே பார்த்தார். நேயர்களே, இதைக் கேட்கும்போது நமக்கு நெஞ்சு பதற வேண்டும். மனிதர் செய்யத் தவறியதை எடுத்து இறைவன் தலையில் வைப்பது பழைய பாவம். இந்தக் கதையில் இறைவன் எங்கே இருந்தார் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

டேனியலின் குடும்பம் அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில், ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்னும் ஊர்ப்பக்கம் இருந்தது. அங்கே மேஜர் டெனிஸ் மஹான் என்பவருக்குப் பெரிய பண்ணை. குத்தகை பாக்கி ஏறிக்கொண்டே போனது. அன்றைய சட்டப்படி, மிகச் சிறிய நிலம் வைத்திருந்த ஏழைகளுக்கான வரியைப் பண்ணையாரே கட்ட வேண்டும். ஊரில் ஏழைகள் பெருகப் பெருக அவருக்குச் செலவு. பண்ணையின் காரியக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்களை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிட, கப்பல் கட்டணம் கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பிவிடுவது மலிவு என்று கணக்குச் சொன்னது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் 1,490 பேர். கணக்கில் அவர்கள் ஓர் எண்.

1847 மே மாதத்தில் அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுனிலிருந்து ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை 165 கிலோமீட்டர். பட்டினியால் மெலிந்த தாய்மார்கள், கிழவர்கள், பிள்ளைகள். டப்ளினிலிருந்து கப்பலில் லிவர்பூல். அங்கிருந்து அட்லாண்டிக் கடல். டை குடும்பம் ஏறிய கப்பலின் பெயர் 'நயோமி'. விவிலியத்தில் ரூத்து நூலில் வரும் நகோமியின் பெயர்தான் அது. பஞ்சத்துக்குத் தப்பி வேற்று நாடு போய், கணவனையும் பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்த பெண்ணின் பெயர்.

அந்தக் கப்பல்களில் பல, கனடாவிலிருந்து மரம் ஏற்றி வருவதற்காக இருந்தவை. திரும்பிப் போகும்போது வெறும் கப்பலாகப் போகாமல் மனிதர்களை ஏற்றிக்கொண்டன. கீழ்த்தளத்தில் காற்றும் வெளிச்சமும் இல்லாமல், ஒருவரோடு ஒருவர் நெருக்கிக்கொண்டு வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். டைபஸ் காய்ச்சல் பரவியது. அதைப் பேன்தான் பரப்புகிறது என்பது 1909ஆம் ஆண்டு வரை யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரோக்ஸ்டவுன் மக்களை ஏற்றிய மற்றொரு கப்பலான 'விர்ஜினியஸ்' லிவர்பூலை விட்டுப் புறப்பட்டபோது 476 பயணிகள் இருந்தார்கள். கரை சேரும் முன்பே 158 பேர் இறந்து கடலில் விடப்பட்டார்கள். இவற்றுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில், கியூபெக் நகருக்கு முன்பாக, குரோஸ் ஈல் என்றொரு சிறு தீவு இருக்கிறது. நோயோடு வருகிறவர்களைத் தடுத்து நிறுத்தும் நிலையம் 1832இல் அங்கே அமைக்கப்பட்டது. 1847 மே மாத நடுவில் அந்த ஆண்டின் முதல் கப்பலான 'சிரியா' வந்து சேர்ந்தது. தீவில் முதலில் இறந்தது எலன் கீன் என்னும் 4 வயதுச் சிறுமி. அந்த மருத்துவமனையில் சுமார் 200 நோயாளிகளுக்குத்தான் இடம் இருந்தது. மே மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய 40 கப்பல்கள் ஆற்றில் வரிசையாகக் காத்து நின்றன. கொட்டகை போட்டார்கள், கூடாரம் அடித்தார்கள், சிற்றாலயங்களையும் நோயாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். அப்படியும் போதவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்தக் கோடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க அருள்பணியாளர்கள் முறை வைத்துக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் பங்குத்தந்தையர். கப்பலின் கீழ்த்தளத்தில் இறங்கி, சேற்றிலும் கழிவிலும் முழந்தாளிட்டு, ஒப்புரவு அருளடையாளமும் நோயில்பூசுதலும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தும்போனார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருக்களும் அங்கே பணிபுரிந்து உயிர் கொடுத்தார்கள். மொன்றியால் நகரிலும் இதே துயரம். அங்கே கொட்டகைகளில் பணிவிடை செய்யப் போன 'சாம்பல் நிற உடைச் சகோதரிகள்' என்னும் சபையைச் சேர்ந்த அருள்சகோதரிகளில் 7 பேர் இறந்தார்கள். நகர மேயர் ஜான் மில்ஸ் என்பவரும் நோயாளிகளைப் பார்க்கப் போய் நோய் கண்டு அந்த நவம்பரில் இறந்தார். டொரான்டோவின் முதல் ஆயர் மைக்கேல் பவர், அக்டோபர் முதல் நாள் அதே காய்ச்சலுக்கு இரையானார். நோய் எப்படித் தொற்றுகிறது என்று தெரியாதே ஒழிய, தொற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே போனார்கள்.

பெற்றோர் இறந்துபோன பிள்ளைகள் கொட்டகைகளில் திகைத்துக் கிடந்தார்கள். பச்சைக் குழந்தைகளும் இருந்தார்கள். என்ன செய்வது? கியூபெக் நகரில் சார்ல்ஸ் பெலிக்ஸ் கசோ என்னும் அருள்பணியாளர் இந்தப் பொறுப்பைத் தலைமேல் எடுத்துக்கொண்டார். நகரப் பெண்கள் அமைத்த அறப்பணிக் குழுவின் வழியாக 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். மொன்றியாலில் ஆயர் இஞ்ஞாஸ் பூர்ஜே பங்கு மக்களுக்குச் சுற்றுமடல் எழுதி, இந்தப் பிள்ளைகளை எடுத்து வளர்க்க முன்வரும்படி கேட்டுக்கொண்டார். கிராமப் பங்குகளிலிருந்து குருக்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். கேட்டவர்களும் பெரிய பணக்காரர்கள் அல்ல. ஆற்றங்கரையில் உழுது பிழைத்த குடியானவர்கள்.

டேனியலும் கேத்தரினும் அப்படித்தான் லொபினியர் என்னும் கிராமப் பங்குக்கு வந்தார்கள். கூலோம்ப் என்ற விவசாயக் குடும்பம் டேனியலை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஒரு பிள்ளை போதும் என்பதே அவர்கள் எண்ணம். டை குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி இது: அண்ணனை அழைத்துக்கொண்டு புறப்படும்போது தங்கை அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தாயைப் பறிகொடுத்தாள், மாமனைப் பறிகொடுத்தாள். மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவன்தான். அந்தத் தம்பதியர் அதைப் பார்த்தார்கள். இருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நேயர்களே, இதற்கு மேல்தான் நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டார்கள். கூலோம்ப் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள், அவர்களோடு ஒரே ஆலயத்தில் திருப்பலி கண்டார்கள். டேனியல் வளர்ந்து அந்தக் குடும்பத்தின் நிலத்துக்கே உரியவன் ஆனான். ஆனாலும் கடைசி வரை அவன் டேனியல் டை. வளர்த்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரை அவன்மேல் திணிக்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை எழுதும்போது ஒலிக்காத எழுத்துகள் உண்டு. கியூபெக்கில் காலப்போக்கில் காதில் விழுந்தபடியே எழுதினார்கள். எழுத்து மாறியது, பெயர் மாறவில்லை. அவன் வழிவந்தவர்கள் இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறார்கள். பிரெஞ்சு மட்டுமே பேசும் கியூபெக் குடும்பங்களில் இன்றும் பல அயர்லாந்துப் பெயர்கள் வழங்குவதற்கு இப்படிப்பட்ட பிள்ளைகளும் ஒரு காரணம்.

இதை எளிதாக நினைத்துவிடக் கூடாது. சோறு போடுகிறவனுக்கு ஓர் ஆசை வரும்: இந்தப் பிள்ளை இனி முழுக்க முழுக்க என்னுடையது, இதன் பழைய கதையெல்லாம் இங்கே வேண்டாம் என்று. அன்பின் பெயரால் வரும் ஆசைதான் அது. ஆனால் இறந்துபோன தாய் தகப்பன் அந்தக் குழந்தைக்கு விட்டுப்போன ஒரே சொத்து பெயர்தான். வீடு போனது, நிலம் போனது, உடுத்திய துணியும் நோய்க்குப் பயந்து நெருப்பில் போயிருக்கும். பெயர் மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்துவிட்டால், அந்தத் தாய் இரண்டாவது முறை இறந்துபோவாள். கூலோம்ப் குடும்பத்தார் இதையெல்லாம் யோசித்துப் பேசினார்களா? தெரியாது என்றாலும், அவர்கள் செய்தது நம் கண்முன்னே இருக்கிறது.

அழகான பாதியை மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மை ஆகாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கேத்தரினுக்குக் கிடைத்தது கிடைக்கவில்லை. சில வீடுகளில் பிள்ளை என்று எடுத்தவர்கள் வயல் வேலைக்கு ஆள் என்றே எடுத்தார்கள். அண்ணன் ஒரு ஊர், தங்கை ஒரு ஊர் என்று பிரிந்துபோனவர்கள் உண்டு. ஓடிப்போன பிள்ளைகள் உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி இதையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பஞ்சம் எல்லாரையும் புனிதராக்கிவிடவில்லை. ஒரே ஞாயிறன்று ஒரே மறையுரையைக் கேட்டுவிட்டு, ஒருவர் பிள்ளையைத் தேடிப் போனார். இன்னொருவர் கூலியில்லாத வேலைக்காரனைத் தேடிப் போனார். அந்த வித்தியாசம் உள்ளத்தில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து அயர்லாந்துக்கும் நமக்கும் வேறொரு உறவும் உண்டு. பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1842இல், அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபை அருள்சகோதரிகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் பிறந்த மண் பசியில் கிடந்த ஆண்டுகளிலும் அந்தப் பள்ளி நடந்தது. தன் வீட்டுப் பிள்ளைகள் அங்கே யார் வாசலிலோ நிற்க, இங்கே பிறர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

பிறகு என்ன நடந்தது? பண்ணையார் மஹான் 1847 நவம்பர் 2ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். பழிக்குப் பழி யாருக்கும் உயிரைத் திருப்பித் தரவில்லை. அவருடைய மாளிகையில் கிடந்த பழைய காகிதக் கட்டுகளுக்குள், உணவும் வேலையும் கேட்டு ஏழைகள் எழுதிய விண்ணப்பங்கள் பின்னாளில் கிடைத்தன. 1994இல் அந்த இடத்திலேயே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த 1,490 பேர் நடந்த கால்வாய்க் கரை இன்று நினைவு நடைபாதையாக இருக்கிறது. வழி நெடுக, வெண்கலத்தில் வார்த்த குழந்தைக் காலணிகளை வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் நடப்பவர்களுக்குக் கதை சொல்லும் பாத்திரமாக வருகிறவன் யார் தெரியுமா? நம்முடைய 12 வயது டேனியல்தான். அவன் வழிவந்தவர் ஒருவர் 2013இல் ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்கு வந்து, தன் முன்னோர் புறப்பட்ட மண்ணில் நின்றார். பெயர் மாறியிருந்தால் அவர் எந்த ஊரைத் தேடி வந்திருப்பார்?

குரோஸ் ஈல் தீவில் 1909 ஆகஸ்ட் 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புத் திருவிழா அன்று, பெரியதொரு கல் சிலுவை நிறுவப்பட்டது. பின்னாளில், இறந்தவர்களின் பெயர்களைக் கண்ணாடியில் பொறித்து ஒரு நினைவிடமும் அமைத்தார்கள். 150 ஆண்டுகள் கழித்தும், எண்ணாகப் புதைக்கப்பட்டவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பஞ்சத்தில் இறைவன் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு வருவோம். கிழங்கு அழுகியதில் அவர் இல்லை. கணக்குப் போட்டுக் கஞ்சித்தொட்டியை மூடியதில் அவர் இல்லை. நல்ல ஆயன் தம் ஆடுகளை எண்ணிக்கையால் அல்ல, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று யோவான் நற்செய்தியில் கேட்கிறோம். கொட்டகையில் முழந்தாளிட்டு, சாகும் தாயிடம் அவள் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட குருவின் குரலில் அந்த ஆயன் இருந்தார். பிரிக்க மனமில்லாமல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போன வீட்டில் இருந்தார்.

நம் ஊர்களிலும் பிழைப்புத் தேடி வேறு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் செங்கல் சூளையிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். விடுதிகளில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் அவர்களுக்குத் துணி கொடுக்கிறோம், கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கொடுக்கிறோம். நல்லதுதான். இந்த வாரம் ஒரே ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். நம் வாய்க்கு வசதியாகச் சுருக்காமல், அந்தப் பிள்ளையின் தாய் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே சொல்லிப் பழகுவோம். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.